பத்து மீட்டருக்கு ஒரு ரைஃபிள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

சுடப்போகிறவள் ஒன்பதாம் வகுப்பு. உயரம் 151 செ.மீ., எடை 41 கிலோ. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கை. ஆனால் இலக்கைப் பார்க்கும்போது முந்திக்கொண்டு வேலை செய்வது இடது கண். வீடு கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு, அம்மா அங்கன்வாடி டீச்சர். வார இறுதியில் கோயம்புத்தூர்ப் பக்கம் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்றுக்குப் போய், பத்து மீட்டர் போட்டிக்காகக் கிளப்பின் ஏர் ரைஃபிளில் (காற்றழுத்தத்தில் சுடுவது) பழகுகிறாள். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், கையில் இருப்பது இரண்டு லட்சம். தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்தபோது எடுத்து வைத்த பணம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், அதே ரேஞ்சில் பல வருடமாகச் சுடுகிறவன், அதனால் 'கூட வந்து பாருங்க மாப்ளே' என்று கூப்பிட்டார்கள். கடைசியில் எதை வாங்கினோம், எதை ஏன் கழித்தோம், வாங்கியபின் ஸ்கோர் என்ன ஆனது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். எல்லையோரத்தில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும். ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இந்த விளையாட்டைக் கேட்டு வருவது கூடியிருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழாய், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி, இந்த இரண்டு வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் போட்டி ரைஃபிள்கள் எல்லாம் இதற்குள்தான் வரும். பில்லை அப்பா பெயரில் போட்டோம், விற்றவரிடமிருந்து அடையாள அட்டை நகலோடு எழுத்தும் வாங்கினோம். நாம் வாரம் தவறாமல் மாநில எல்லையைத் தாண்டுகிற ஆட்கள், செக்போஸ்டில் நீளமான பெட்டியைப் பார்த்தால் கேட்கத்தான் செய்வார்கள். பில் நகல், கிளப் உறுப்பினர் அட்டை இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். பயிற்சி தமிழ்நாட்டில் என்றாலும் வீடு கேரளத்தில் இருக்கிறது, அதனால் போட்டிக்குக் கேரளம் சார்பில்தான் பதிவு. இரண்டு மாநிலத்துக்கும் சுட முடியாது, ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது.

வீட்டில் பெரியப்பா ஒருவர், தோப்பில் மயில் தொல்லை தாங்கவில்லை, அதற்கும் ஆகுமா என்று கேட்டார். ஆகாது. மயிலைத் தொட்டால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான், தவிர இந்த ரைஃபிள் காகிதத்தில் ஓட்டை போடுவதற்கென்றே செய்தது.

பவர் வேண்டாம்

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வேகக் கணக்கு. இது விநாடிக்கு ஆயிரம் அடி போகும், அது ஆயிரத்து இருநூறு போகும் என்பார்கள். பத்து மீட்டர் இலக்குக்கு அந்தப் பேச்சே தேவையில்லை. ஜெர்மனியில் பொதுச் சந்தைக்கு வரும் ஏர் ரைஃபிள்களில் ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சக்தி 7.5 ஜூலுக்கு மேற்படாது என்பதற்கான அடையாளம் அது. போட்டி ரைஃபிள்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கின்றன. அரை கிராமுக்குச் சற்று மேலே, 0.53 கிராம் எடையுள்ள தட்டைத்தலை பெல்லட் (ஈயக்குண்டு) விநாடிக்கு 168 மீட்டர் வேகத்தில் போனால் கணக்கு 7.5 ஜூலுக்கு வந்துவிடும். ஒலிம்பிக் தங்கத்துக்கு இந்தச் சக்தி போதும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றதும் இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

அப்புறம் துல்லியம். இங்கேதான் அப்பாக்கள் அதிகம் ஏமாறுவது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தருகிற வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் நடு மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். அந்த 2.5 மி.மீ.யைப் பத்தாகப் பிரித்தால் கால் மில்லிமீட்டருக்கு ஒரு தசமப் புள்ளி, 10.9 முதல் 10.0 வரை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும் ஒரு முழு மதிப்பெண் போகும். ஆக, கை ஆட்டம் இல்லாதபடி வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியில்) மாட்டிச் சுட்டபோது எல்லா ஓட்டைகளும் மையத்தைச் சுற்றி 2 மி.மீ.க்குள் விழுகிற ரைஃபிள் என்றால், அதன் தவறால் மட்டும் ஒரு ஷாட்டும் பத்துக்குக் கீழே போகாது.

நம் பிள்ளையின் கைப்பிடி ஆட்டம் எவ்வளவு? அவள் சுட்ட பழைய இலக்குக் கார்டுகளை எடுத்து அளந்து பார்த்தோம். ஒரு கார்டில் ஓட்டைகளின் பரவல், நடுவிலிருந்து நடுவுக்கு, சுமார் 14 மி.மீ. ரைஃபிளின் சொந்தப் பரவல் 4 மி.மீ. என்றால் மொத்தம் 18 ஆகுமா? ஆகாது. இரண்டு தவறும் ஒன்றையொன்று சாராதவை, ஒன்று வலப்பக்கம் இழுக்கும்போது மற்றது இடப்பக்கம் தள்ளலாம், அதனால் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 196-உம் 16-உம் 212, அதன் மூலம் சுமார் 14.6. அதே பிள்ளைக்கு 2 மி.மீ. ரைஃபிள் கொடுத்தால் 14.1. பிள்ளையின் கார்டில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதற்கு லட்சக்கணக்கில் விலை. குழாய் துல்லியத்துக்காக மட்டும் காசு கொடுக்கிறோம் என்றால் இந்தக் கட்டத்தில் அது தென்னைக்குப் பன்னீர் ஊற்றுகிற மாதிரி.

அப்படியானால் நல்ல ரைஃபிள் எதற்கு என்று அவள் அப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். அந்த 14 மி.மீ. ஏன் 14-ஆக இருக்கிறது என்பதில்தான் பதில். தோளில் வைக்கிற கட்டை உடம்புக்குப் பொருந்தாமல் கழுத்தை வளைத்துப் பிடிக்கிறாளா, ட்ரிகர் கனமாக இருந்து விரல் இழுக்கும்போது முழு ரைஃபிளும் நகருகிறதா, வீட்டில் பெல்லட் இல்லாமல் தினமும் பழக வழி இருக்கிறதா. மூன்றும் ரைஃபிளைப் பொறுத்தவை, மூன்றும் அந்த 14-ஐ 8-ஆகக் குறைக்கக் கூடியவை. குழாய் குறைக்காது.

கண், தோள்

கடைக்குப் போகும் முன்னே தீர்க்க வேண்டிய விஷயம் கண். இடது கண் ஆதிக்கம் உள்ள வலது கைக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வலது தோளிலேயே வைத்து, இடது கண் முன்னே ஒரு மறைப்பு மாட்டிச் சுடுவது, 30 மி.மீ. அகலத்துக்குள் இருந்தால் போட்டியில் அனுமதி உண்டு, இப்படிச் சுடுகிற நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, தோளையே மாற்றிவிடுவது. பல வருடம் சுட்டவருக்குத் தோள் மாற்றுவது கஷ்டம், புதிதாக ஆரம்பித்த பிள்ளைக்கு அவ்வளவு இல்லை. கோச் இரண்டையும் சில வாரம் சுடவிட்டுப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை, கேட்டேன்.

"எந்தப் பக்கம் சுகமா இருக்குது கண்ணு?"

"லெஃப்ட்லதாணுங்ணா. வலப்பக்கம் வெச்சா நான் தலைய எட்டிக் கொண்டு போகோணும். இந்தப் பக்கம் வெச்சா தலை தானா வந்து உக்காந்துக்குது. வெரலு மட்டும்தான் கொஞ்சம் பழகல."

விரல் பழகிக்கொள்ளும், தலைதான் முக்கியம். இடது தோள் என்று முடிவானது. அந்த ஒரு முடிவிலேயே செகண்ட்ஹேண்ட் சந்தையில் பாதி எங்களுக்கு மூடிவிட்டது, ஏனென்றால் பழைய மரக்கட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவை வலது கைப்பிடிக்குச் செதுக்கியவை. பிடியை மாற்ற முடியாது, கட்டையையே மாற்ற வேண்டும். அலுமினியக் கட்டை என்றால் பிடி தனித் துண்டு, ஸ்க்ரூவைக் கழற்றி இடது கைப்பிடியை மாட்டலாம், கன்னத்தாங்கியையும் இந்தப் பக்கம் தள்ளலாம், சில மாடல்களில் லோடிங் லீவரைக்கூட மறுபக்கம் மாற்ற முடியும். அலுமினியம் பார்க்க நவீனமாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது வேண்டியிருந்தது பிடிக்காகவும், வளர்கிற உடம்புக்காகவும்.

பார்த்தவை

புதிய இறக்குமதியை முதலிலேயே கழித்துவிட்டோம். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர், இந்த நான்கு பெயரும்தான் ரேஞ்சில் எப்போதும் காதில் விழும், முதல் மூன்றும் ஜெர்மனி, ஸ்டெயர் ஆஸ்திரியா. இவற்றின் மேல்வரிசை மாடல் புதிதாக என்றால் எங்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டும், ஜாக்கெட், பெல்லட் எல்லாம் அதற்கு மேல். போட்டி ஸ்கோரை வைத்து அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்கு இறக்குமதியில் சலுகை உண்டு, அதற்கு என்.ஆர்.ஏ.ஐ. என்கிற தேசிய ரைஃபிள் சங்கம் வழியாகப் போக வேண்டும். நேற்று ஆரம்பித்த பிள்ளைக்கு அது இப்போதைக்கு எட்டாது.

ஸ்பிரிங் ரைஃபிள், குழாயை மடக்கி லோடு செய்கிற வகை. விலை மலிவு, காற்று நிரப்பும் தொல்லை இல்லை, ஓபன் சைட் பிரிவில் (குறிபார்க்கும் ஓட்டை இல்லாத சாதாரண சைட்) ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பிஸ்டன் பாய்கிறபோது ரைஃபிள் உதறுகிறது, பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்னே அந்த உதறல் ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பிடியின் இறுக்கம் கொஞ்சம் மாறினாலும் ஓட்டை இடம் மாறும். பெரியவர்களுக்கே இது தலைவலி. இன்னொன்று, பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பழகினால் பிஸ்டன் சீல் போய்விடும். வீட்டுப் பயிற்சியே இல்லாமல் ஆகிவிடுகிறது என்பதால் கழித்தோம்.

பழைய ஃபைன்வெர்க்பாவ் 603, பக்கத்து லீவரை ஒருமுறை இழுத்தால் அந்த ஷாட்டுக்கான காற்று அமுங்கிக்கொள்ளும் வகை. எனக்கு மிகவும் பிடித்த ரைஃபிள், மறைக்க ஒன்றுமில்லை. காற்றுச் சிலிண்டர் இல்லை, அதன் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கிற ரெகுலேட்டரும் இல்லை, ஒரு தலைமுறை தாண்டியும் துல்லியம் குறையாமல் இருக்கும். ஆனால் வலது கைக்கான மரக்கட்டை, அதோடு 41 கிலோ பிள்ளை ஒரு போட்டிக்கு 60 தடவை, அதற்கு முன் கணக்கில் சேராத சைட்டர் ஷாட்டுகளுக்கும், அந்த லீவரை இழுக்க வேண்டும். முப்பது ஷாட்டில் தோள் நடுங்க ஆரம்பித்தது, கண்ணால் பார்த்தோம். எனக்கு வருத்தம்தான், அவளுக்கு இல்லை.

இந்தியத் தயாரிப்பு பிசிபி ஒன்று (முன்கூட்டியே சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்துச் சுடுகிற வகை), எங்கள் பட்ஜெட்டில் பாதிக்கும் கீழே. இதைப் பற்றி ரேஞ்சில் மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. வைஸில் இறுக்கி, பொருந்திய பெல்லட்டைப் போட்டுப் பத்து ஷாட் சுட்டதில் பரவல் 3.8 மி.மீ. மேலே சொன்ன கணக்குப்படி இந்தப் பிள்ளைக்கு இது தாராளம். வேறொரு பெல்லட்டில் அதே ரைஃபிள் 6 மி.மீ.க்கு மேல் போனது, அது வேறு கதை, பிறகு சொல்கிறேன். அந்த ரைஃபிள் தோற்றது இரண்டு இடத்தில்: கட்டையின் பின்நீளத்தை எவ்வளவு குறைத்தும் அவளுக்கு நீளமாகவே இருந்தது; ட்ரிகரை இழுக்கும்போது லேசான முதல் கட்டம் முடிந்து, சுடுகிற இரண்டாம் கட்டம் தொடங்கும் அந்தச் சுவர் விரலுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சராசரி உயரமுள்ள பெரியவர், வலது கைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டிருந்தால் இதையே வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கடைசியாக இரண்டு செகண்ட்ஹேண்ட் ஜெர்மன் பிசிபி, இரண்டும் அலுமினியக் கட்டை, இரண்டு வேறு விற்பனையாளர்கள். மாடல் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே அதே மாடலைத் தேடிக் கிளம்புவீர்கள், உங்கள் பிள்ளையின் கை வேறு, கழுத்து வேறு.

முதல் ரைஃபிள் பார்க்கப் பளபளவென்று இருந்தது. விலையும் பதினைந்தாயிரம் குறைவு. "ரெண்டு வருசமா பெட்டியிலயே இருக்குதுங்க, ஒரு கீறல் இல்ல பாருங்க" என்றார் விற்கிறவர். கீறல் இல்லைதான். நாங்கள் வேகம் அளக்கும் கருவியை எடுத்து வைத்து, முந்தின இரவே காற்று நிரப்பி அப்படியே விடச் சொல்லியிருந்த ரைஃபிளில் காலையில் முதல் ஷாட் சுட்டோம். விநாடிக்கு 184 மீட்டர். அடுத்தது 176. அப்புறம் 172, 171, 172. பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி சுட்டால் 180. ரெகுலேட்டர் ஊர்கிறது என்பார்கள் இதை. ரைஃபிள் சும்மா இருக்கும்போது சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து முன்னறையில் அழுத்தம் ஏறிவிடுகிறது, முதல் ஷாட் வேகமாகப் பறக்கிறது, ஓட்டை மேலே ஏறுகிறது. போட்டியில் நின்று நிதானித்து, மூச்சு சரியில்லை என்று இறக்கி, மறுபடி தூக்கிச் சுடுகிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட குணம் கிடையாது. வைஸ் கார்டில் ஓட்டைகள் செங்குத்தாக நீண்டு கிடந்ததற்கும் அதுவே காரணம். சிலிண்டரின் அடியில் பொறித்த தேதியைத் துடைத்துப் பார்த்தோம், பத்து வருடம் தாண்டியிருந்தது. பத்து வருடம் தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், பாதுகாப்புக்கும் நல்லதில்லை. ரெகுலேட்டர் சர்வீஸ், புதுச் சிலிண்டர் இரண்டையும் கூட்டினால் அந்தப் பதினைந்தாயிரம் லாபம் எங்கே போயிற்று என்று தெரியாது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது ரைஃபிளின் அலுமினியத்தில் அங்கங்கே கீறல், கன்னத்தாங்கியில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் பசை. காலை முதல் ஷாட் 172, பிறகு 171, 171, 173, 172. வைஸில் பத்து ஷாட் 2.2 மி.மீ. கல்லூரிக்குப் போனபின் சுடுவதை விட்டுவிட்ட ஒரு பெண்ணின் ரைஃபிள், அவள் பயிற்சிக் குறிப்பு நோட்டு, சர்வீஸ் பில் எல்லாவற்றையும் அவள் அம்மா ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். பழைய ரைஃபிள் வாங்கும்போது இப்படிப்பட்ட கவர் எனக்குப் பாலிஷைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் கார்டைப் பார்த்து முடிவு செய்யவில்லை. பிள்ளையை நிற்க வைத்து, கண்ணை மூடி ரைஃபிளைத் தூக்கி, முகத்தை வைத்து, இரண்டு மூச்சு விட்டு, அப்புறம் கண்ணைத் திற என்றோம். திறந்தவுடன் பின் சைட்டின் சின்ன ஓட்டை வழியே முன் சைட்டின் வளையம் நடுவில் தெரிகிறதா, அல்லது தலையை நகர்த்தித் தேட வேண்டியிருக்கிறதா என்பதுதான் பரீட்சை. தோளில் படுகிற பின்தட்டை உள்ளே தள்ளி, கன்னத்தாங்கியை ஏற்றி, வலது முழங்கை இடுப்பெலும்பில் உட்காரும்படி முன்கைத் தாங்கியின் உயரத்தைக் கூட்டி, இப்படி ஒன்றொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிடி இன்னும் வலது கைப்பிடிதான், அதைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் கண்ணைத் திறந்து, "நடுவுல இருக்குதுங்ணா" என்றாள். மறுபடி செய்யச் சொன்னோம், நடுவில். முன்பக்கம் மாட்டியிருந்த இரண்டு எடைக்கட்டிகளைக் கழற்றியபின் அவள் முதுகு பின்னால் வளைவதும் குறைந்தது. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காக அவ்வளவு தூக்க வேண்டியதில்லை, இந்த உடம்புக்கு நான்கு சொச்சமே அதிகம்.

காற்று எங்கே பிடிப்பது

எல்லையோரத்து ஆட்கள் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு அப்புறம் முழிக்கிறார்கள். சிலிண்டருக்கு வேண்டியது 200 பார் காற்றழுத்தம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பத்துப் பார் தாண்டாது. கை பம்ப் இருக்கிறது, மூன்று கட்டமாக அழுத்துகிற நீண்ட பம்ப், அதை அடிக்க அப்பா தினமும் வியர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், இங்கே மழைக்காலக் காற்றில் இருக்கிற ஈரம் முழுக்கச் சிலிண்டருக்குள் போய் ரெகுலேட்டரை அரிக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி மாட்டலாம், மாட்டினாலும் அதை அடிக்கடி மாற்றுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஊரில் வெல்டிங் கடை வைத்திருப்பவர், அவள் அப்பாவின் பள்ளித் தோழர், நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். "நம்ம கடையில ஆக்ஸிஜன் நூத்தம்பது பார் நிக்குது, ஒரு கனெக்டர் போட்டா ரெண்டு நிமிச வேல, எதுக்குக் கோயமுத்தூர் வரைக்கும்?" அவள் அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நிறுத்தினேன். அதிக அழுத்த ஆக்ஸிஜன் திடீரென்று உள்ளே பாயும்போது சூடேறும், உள்ளே ஓ-ரிங்கில் தடவிய கிரீஸ் ஒரு துளி இருந்தாலே பற்றிக்கொள்ளும், சிலிண்டர் கன்னத்துக்கு ஒரு முழத்துக்குள்ளே வெடிக்கும். ஏர் ரைஃபிளில் உலர்ந்த காற்று மட்டும்தான் போக வேண்டும். ஆக்ஸிஜன் கூடவே கூடாது. வெல்டிங் கடைக்காரர் கொஞ்சம் முகம் சுருங்கினார், பரவாயில்லை.

எங்கள் ஏற்பாடு இது: கை பம்ப் வாங்குகிற காசோடு கொஞ்சம் சேர்த்து இன்னொரு புதுச் சிலிண்டர் வாங்கினோம். வார இறுதியில் ரேஞ்சில் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வருவது, நடுவில் வீட்டில் அளவாகச் சுடுவது. மீதி நாளெல்லாம் ட்ரை ஃபயர், காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கிற பயிற்சி. போட்டி ரைஃபிள்களில் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும், தட்டினால் ட்ரிகர் வேலை செய்யும், காற்று வெளிவராது. ரேஞ்சிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த ஸ்விட்ச்தான் ரைஃபிளின் மிக விலையுயர்ந்த பாகம் என்பது என் கட்சி.

வீட்டில் சுடுகிற இடம் தேங்காய் உலர்த்தும் ஷெட். பத்து மீட்டர் அளந்து, மறு கோடியில் பெல்லட் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் செங்கல் சுவர், சுடும் நேரத்தில் பின்கதவுக்குப் பூட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆனி ஆடியில் ஷெட் ஓடே பறக்கும். பத்து மீட்டர்தானே, காற்று என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். அரை கிராம் தட்டைத்தலை பெல்லட்டை ஒரு சாதாரண பக்கக்காற்றே ஒன்றிரண்டு வளையம் தள்ளிவிடும். இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டியபின்தான் வீட்டுக் கார்டுகளை நம்ப ஆரம்பித்தோம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், பெல்லட் ஈயம். ரைஃபிள் பீரோவில், பெல்லட் டப்பா வேறு பெட்டியில், இரண்டு சாவியும் அம்மாவிடம்.

பெல்லட்டும் ஸ்கோரும்

இந்திய ரைஃபிளில் 3.8-உம் 6-உம் வந்தது என்று சொன்னேனே, அந்தக் கதை இதுதான். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ருசி. பெல்லட் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது, அதே பெயர் கொண்ட டப்பாவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் குணம் மாறும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், இரண்டிலும் இரண்டு அளவு வாங்கி வைஸில் சுட்டுப் பார்த்து, அவள் ரைஃபிளுக்கு ஒத்துப்போன டப்பாவில் அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கினோம். ஐந்து ஷாட் குழுவை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஐந்து ஷாட்டில் எந்தப் பெல்லட்டும் ஒரு தடவை அழகாக விழும். பத்து ஷாட், அதையும் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட் போதும், இந்தச் சோதனையில் கறாராக இருக்க வேண்டியது போட்டி டப்பாவுக்கு மட்டும்.

இடது கைப்பிடி வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அது மாட்டியபின் ட்ரிகரை இழுக்க வேண்டிய எடையைப் படிப்படியாக இறக்கினோம். பத்து மீட்டர் ரைஃபிளில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை, பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். அதற்காக முதல் நாளே 60 கிராமுக்கு இறக்கினால் பிள்ளை தொட்டவுடன் சுட்டுவிடும், அப்புறம் தொடவே பயப்படும். 150 கிராமில் ஆரம்பித்து, அவளே 'இன்னும் கொஞ்சம் லேசா' என்று கேட்கும்போது மட்டும் குறைத்தோம். இப்போது 100-க்குப் பக்கத்தில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன் கிளப் ரைஃபிளில் அவள் பத்து ஷாட் சராசரி முழு எண் கணக்கில் 89. நான்கு மாதத்துக்குப் பிறகு சொந்த ரைஃபிளில் தசமக் கணக்கில் 96, 97 என்று வந்தது. இதை அப்படியே ரைஃபிளின் கணக்கில் எழுத முடியாது. நான்கு மாதப் பயிற்சி இருக்கிறது, தினமும் ட்ரை ஃபயர் இருக்கிறது, முழு எண் கணக்கும் தசமக் கணக்கும் ஒன்றல்ல. அதனால் ஒருநாள் ரேஞ்சில் இரண்டு ரைஃபிளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இரண்டையும் தசமத்திலேயே எண்ணினோம். கிளப் ரைஃபிள் வலது கைக்கானது, ஆகவே அதில் வலது தோள், மறைப்போடு. சொந்த ரைஃபிளில் 96.8, 97.5. கிளப் ரைஃபிளில் 93.1, 92.4. இத்தனை நாளில் வலது தோள் பழக்கம் விட்டுப்போயிருக்கும், அதையும் தள்ளிப் பார்த்தால் ரைஃபிளால் மட்டும் வந்தது பத்து ஷாட்டுக்கு இரண்டு மூன்று புள்ளி இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி அவளுடையது. கார்டில் பரவல் 14-லிருந்து 9 மி.மீ.க்கு வந்திருக்கிறது.

செலவுக் கணக்கு, பலரும் கேட்டதால்: ரைஃபிள் 1,28,000, இடது கைப்பிடி 11,000, புதுச் சிலிண்டர் 19,000, உள்நாட்டில் தைத்த ஜாக்கெட்டும் பேண்டும் 18,000, பெல்லட் 10,000. மொத்தம் 1,86,000. மீதி பதினாலாயிரம் போட்டிக் கட்டணத்துக்கும், திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சில் போட்டி வந்தால் போய்வருகிற செலவுக்கும் வைத்திருக்கிறார்கள். முழுப் பணத்தையும் ரைஃபிளில் போட்டுவிட்டு, ஜாக்கெட் இல்லாமல் முதுகு வலிக்க நிற்கிற பிள்ளைகளை ரேஞ்சில் பார்த்திருப்பதால் இந்தப் பங்கீட்டில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அவள் இதற்குள் இரண்டு செ.மீ. வளர்ந்துவிட்டாள், பின்தட்டை ஒரு கோடு வெளியே இழுத்திருக்கிறோம், பழைய அளவு, புது அளவு இரண்டையும் நோட்டில் எழுதி வைத்தாயிற்று. ரைஃபிளோடு வந்த சிலிண்டருக்கு இன்னும் மூன்று வருடம் ஆயுள் இருக்கிறது. ஷூ இன்னும் வாங்கவில்லை. கால் வளர்வது நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.